ஐஸுக்கு இஸ்திரி போட்டவன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. மேடு பள்ளம் கண்டால் பொறுக்காது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகத் தர ஆய்வாளர் வேலை. காலையில் போனதும் ஒரு இரும்புத் துண்டை எடுத்து அதன் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைப்பேன். மாலை வரை இதேதான். வீட்டுக்கு வந்த பிறகும் கண் ஓயாது. பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜித் தட்டு வைத்த டீப்பாய் ஒரு பக்கம் ஆடுகிறது என்று பஸ் டிக்கெட்டை மடித்து அதன் காலுக்கு அடியில் சொருகியவன் நான். (பெண்ணை நிமிர்ந்து பார்த்தீர்களா என்று மாமியார் இன்றைக்கும் கேட்பார். பார்த்தேன். டீப்பாய் நின்ற பிறகு.)

அந்தப் பெண்தான் சுகுணா. அவளுடைய வாழ்க்கையின் மிகப் பெரிய காலைப்பொழுதை இந்த வியாதியால் நான் எப்படி நாசம் செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

சுகுணா கிருஷ்ணகிரி சாலையில் ஒரு கிரானைட் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பெரிய கல் பலகைகளை உருளைகள் பதித்த மேசைமேல் தள்ளி, ஓரம் பாலிஷ் போடும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். மெல்லத் தள்ளினால் பாதியில் நிற்கும். வேகமாகத் தள்ளினால் இயந்திரத்தின் வாயில் போய் இடித்து மூலை உடையும். பத்து வருடமாகத் தள்ளித் தள்ளி, எந்த எடைக் கல்லுக்கு எவ்வளவு கை கொடுக்க வேண்டும் என்று அவளுடைய தோளுக்கே தெரிந்துவிட்டது. இப்படி ஒரு திறமை மனைவியிடம் இருப்பது எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் ரசக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினால் மிகச் சரியாக என் தட்டுக்கு முன்னால் நிற்கும். அதைக் கூட நான் மேசை சமமாக இருப்பதன் பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் தொழிற்சாலைக்கு ஒரு நாள் நஞ்சப்பா என்ற மனிதர் வந்தார். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் மாம்பழக்கூழ் வைக்கும் ஒரு குளிர்கிடங்கில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். அதற்கு முன் வளைகுடா நாட்டில் ஒரு பெரிய கடைவளாகத்தின் ஐஸ் மைதானத்தில் எட்டு வருடம் வேலை. அங்கேதான் கர்லிங் என்ற விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. ஐஸ் தரையில் ஒரு கல்லைத் தள்ளிவிட வேண்டும். அது தொலைவில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவரால் அதை மறக்க முடியவில்லை. மாம்பழக் காலம் முடிந்து கூழெல்லாம் ஏற்றுமதியாகிவிட்டால் கிடங்கில் ஒரு நீள அறை சும்மா கிடக்கும். முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டார். கல்தான் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கிரானைட்டுக்கு அலைவதா என்று நேராக இங்கே வந்து நின்றார்.

மீந்த துண்டுகளிலிருந்து எட்டுக் கற்களை அறுத்து உருட்டிப் பாலிஷ் போட்டுக் கொடுத்தவர்களில் சுகுணாவும் ஒருத்தி. கொண்டுபோய் இறக்கிய அன்று, சரியாக வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று ஒரு கல்லைச் சும்மா தள்ளிவிட்டிருக்கிறாள். அது வட்டத்தின் நடுவில் போய் நின்றதாம். நஞ்சப்பா வட்டம் வரை நடந்துபோய் அந்தக் கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாராம். பிறகு, "அம்மா, ஞாயித்துக்கிழமை லீவ்தானே? வர்றீங்களா?" என்று கேட்டாராம்.

எனக்கு இதன்மேல் துளியும் மரியாதை இல்லை. கல்லை உருட்டுவது ஒரு விளையாட்டா? அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டே ஓட வேண்டுமாம். "நம்ம வீட்லயே பெருக்கலாமே, எதுக்கு அம்பது கிலோமீட்டர் போகணும்?" என்று கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க வீட்டை நான்தான் பெருக்கினேன்.)

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பஸ் வரவில்லை. எங்கள் வீடு இருக்கும் மூக்கண்டப்பள்ளியிலிருந்து பைக்கில் நானே கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே போனதும் பழைய மாம்பழ வாசனை கலந்த குளிர் மூக்கில் அறைந்தது. யாரோ ஒரு குரங்குக் குல்லாவை என் தலையில் மாட்டிவிட்டார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். சுகுணா ஒரு காலில் குந்தி, மறுகாலைப் பின்னால் நீட்டி, கல்லோடு சேர்ந்து ஐஸ்மேல் வழுக்கிக்கொண்டு போனாள். செருப்பின் அடியில் வழுவழுப்பான ஒரு தகட்டை ஒட்டியிருந்தார்கள். தரையோடு தரையாக, முகம் கல்லுக்கு நேராக. பிறகு விரல்களை மெல்லத் திறந்தாள். இருபது கிலோவுக்குக் கொஞ்சமே குறைந்த கல் அவள் கையை விட்டுத் தானாகப் போனது. தூரத்தில் லாரி போவது போல மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. முக்கால் தூரம் நேராகப் போன கல், வேகம் குறைந்ததும் திரும்பத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. வழியில் நின்ற இன்னொரு கல்லைச் சுற்றிக்கொண்டு, அதன் முதுகுக்குப் பின்னால் போய், வட்டத்தின் நடுவில் ஓசையில்லாமல் நின்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. குளிரால் அல்ல. மைக்ரான் கணக்கில் அளந்தே வாழ்ந்தவன் நான். ஒரு அளவுகோலும் இல்லாமல், முப்பது அடி தள்ளி நின்றுகொண்டு, கையை எடுத்த பிறகும் ஒரு கல் தன் பேச்சைக் கேட்கும்படி செய்ய முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதுவும் என் வீட்டில், எனக்கு ரசம் ஊற்றும் கை.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஆட்டம் சமநிலையில் இருந்தபோது சுகுணா விட்ட கடைசிக் கல் அருமையாகப் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் கையைத் தூக்கினாள். கல்லை விட்ட பிறகு குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டின் நுனி அதில் பட்டுவிட்டது என்றாள். நஞ்சப்பா மறுபேச்சில்லாமல் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். சுகுணாவின் அணி தோற்றது. நான் பதறிப்போய், யாருமே பார்க்கவில்லையே என்றேன். நஞ்சப்பா என்னை, ஐயோ பாவம் என்பது போலப் பார்த்தார். இந்த ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதிப் பிடிப்பதில்லையாம். தொட்டவர்தான் தூக்க வேண்டுமாம் கையை. "அது இல்லேன்னா இது வெறும் கல்லு சார்" என்றார்.

திரும்பி வரும்போது பைக்கில் சூளகிரி தாண்டியதும், நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். பெருக்க என்றேன்.

பெருக்குவது எப்படிப்பட்ட வேலை என்று அடுத்த ஞாயிறு தெரிந்தது. ஓடும் கல்லுக்கு முன்னால் பிரஷால் ஐஸை அழுத்தித் தேய்த்தால், அந்த இடம் லேசாகச் சூடாகிக் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், திரும்புவதும் குறையும். கல்லைத் தொடாமல், கல்லுக்கு ஒரு சாண் முன்னால், பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, முழு உடம்பையும் பிரஷ்மேல் சாய்த்துத் தேய்க்க வேண்டும். கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டும் மாதேஷ் என்பவர் இதைத் தண்ணீர் குடிப்பது போலச் செய்தார். நான் நான்காவது அடியில் விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன். மூன்றாம் தடவை விழுந்தபோது, கல் என்னைக் கடந்து போனது. நானும் அதன் பின்னாலேயே வட்டம் வரை போய்ச் சேர்ந்தேன். (மாதேஷ் என்னையும் ஒரு நல்ல கல்லாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.)

அப்படிக் குப்புறக் கிடந்தபோதுதான் உள்ளங்கையில் அதை உணர்ந்தேன். ஐஸ் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். வேர்க்குரு வந்த முதுகு போல. என்னுடைய பதினாறு வருட அனுபவம் ஒரே நொடியில் எழுந்து உட்கார்ந்தது. நஞ்சப்பா நல்லவர்தான், ஆனால் தரக்கட்டுப்பாடு தெரியாதவர் என்று முடிவு செய்தேன். இவ்வளவு மோசமான தரையிலேயே சுகுணா இப்படி ஆடுகிறாள் என்றால், சமமான தரை கிடைத்தால் என்ன ஆகும்? ஐஸ் விஷயத்தில் யாராவது வாய் திறந்தால் நஞ்சப்பாவுக்குக் கோபம் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சுகுணாவிடமும் கேட்கவில்லை. ஆய்வாளன் குறையைக் கண்டால் அளப்பானே தவிர, கேட்க மாட்டான்.

பத்து நாளில் செய்தி வந்தது. வடக்கே மலைப் பகுதியில் இந்த விளையாட்டுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா பெங்களூருக்கு வருகிறார். நஞ்சப்பா அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும் நாளன்று காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிடித்திருந்தால் சுகுணாவை ஒரு மாதப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார். அங்கே முழு நீளத்துக்கு அசல் ஐஸ், அசல் கற்கள், நாடு முழுவதிலிருந்தும் ஆட வருபவர்கள். சுகுணா அன்றிரவு சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "போகணும்னு ரொம்ப ஆசையா இருக்குதுங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் எதற்கும் அவள் 'ரொம்ப' என்று சொல்லிக் கேட்டதில்லை. பட்டுப்புடவைக்குக் கூட 'பரவால்ல' என்றுதான் சொல்வாள்.

என்னால் முடிந்ததைச் செய்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்தேன்.

அந்த நாள் காலை ஆறு மணிக்கே கிடங்குக்குப் போய்விட்டோம். நஞ்சப்பா அதற்கு முன்பே ஐஸைத் தயார் செய்து முடித்து, அந்த அம்மாவை அழைத்து வரக் காரில் கிளம்பியிருந்தார். சுகுணா கேண்டீனில் மாதேஷோடு உட்கார்ந்திருந்தாள். நான், பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, பையோடு அறைக்குள் நுழைந்தேன். பையில் என் ஆய்வறையிலிருந்து கொண்டுவந்த நீளமான எஃகு நேர்கோல், சுரண்டும் பட்டை, வெல்வெட் துணி. இரண்டு மணி நேரம். முட்டி போட்டு, அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒரு புள்ளி விடாமல் சுரண்டினேன். துடைத்தேன். நேர்கோலை வைத்து, அதற்கும் ஐஸுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. என் முகம் தெரிந்தது. (அவ்வளவு நேரமா பாத்ரூமில் என்று மாதேஷ் அக்கறையாக விசாரித்தார். நேற்றுச் சாப்பிட்டது சரியில்லை என்றேன்.)

அந்த அம்மா வந்தார். குள்ளமான உருவம், நரைத்த தலை, மிக மெல்லிய குரல். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். மாலையில் பெங்களூரிலிருந்து விமானம் என்பதால் பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சுகுணா அவரைக் கும்பிட்டுவிட்டு, குந்தி, வழுக்கி, கல்லை விட்டாள். மாதேஷும் நானும் பிரஷோடு தயாராக நின்றோம்.

கல் பாதி தூரம் போவதற்குள் நின்றுவிட்டது.

சுகுணா தன் கையைப் பார்த்தாள். அடுத்த கல்லை இன்னும் வேகமாக விட்டாள். அதுவும் நின்றது, சேற்றில் இறங்கிய மாட்டு வண்டி போல. மூன்றாவது கல்லை முழு பலத்தோடு தள்ள, நான் உயிரைக் கொடுத்துத் தேய்த்தேன். வட்டத்தை எட்டவில்லை. கொஞ்சம்கூடத் திரும்பவும் இல்லை. சுகுணாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நஞ்சப்பா குனிந்து ஐஸைத் தடவினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து அந்த அம்மாவிடம், தப்பு என்னுடையது, குளிர் ஏறி இறங்கியிருக்க வேண்டும், நான் போட்ட பொரி முழுக்கக் கரைந்துவிட்டது, இந்தப் பெண்ணை இதை வைத்து எடை போடாதீர்கள் என்று சொன்னார்.

பொரி. அந்த வார்த்தை என் தலையில் விழுந்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. பூவாளியால் வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்து, அந்தப் புள்ளிகளை அவர் வேண்டுமென்றே போட்டிருக்கிறார். கல்லின் அடி குழிவானது. மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தரையைத் தொடும். அது புள்ளிகளின் தலைமேல்தான் ஓடும். புள்ளி இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். இதில் கேவலம் என்னவென்றால், மிகச் சமமான இரண்டு எஃகுக் கட்டைகளைச் சேர்த்தால் பிரிக்க முடியாமல் ஒட்டும் என்பதை எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடா வருடம் செய்து காட்டுபவனே நான்தான்.

என் கை தானாக மேலே போனது என்று எழுத ஆசை. போகவில்லை. மாதேஷ் ஒரு முறை இருமினார், அந்த அம்மா தன் பையை எடுத்தார், அதற்கப்புறம்தான் போனது. "நான்தான் தேச்சேன்" என்றேன்.

நஞ்சப்பா என்னிடம் வந்து, "எஷ்டு நேரம் சார்?" என்றார். இரண்டு மணி நேரம் என்றேன். "அந்தப் பொரிய ஒழுங்கா போட நான் ரெண்டு வருஷம் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பூவாளியை எடுக்கப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். சுகுணா என் பக்கமே திரும்பவில்லை.

அந்த அம்மா மட்டும் குனிந்து, டார்ச் அடித்து, ஐஸை ஓரத்திலிருந்து பார்த்தார். அடித்தளம் இவ்வளவு சமமாக இருந்தால் அதன்மேல் போடும் பொரி அருமையாக அமையும், காத்திருக்கிறேன் என்றார். ஒரு அரை நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. (வியாதி என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?)

நஞ்சப்பா பூவாளியைத் தோளில் சாய்த்து, பின்னால் நடந்துகொண்டே, கையை இடமும் வலமும் வீசித் தெளித்தார். துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து, விளக்கு வெளிச்சத்தில் அறை முழுக்கக் கொத்தமல்லி விதை இறைத்தது போல மின்னியது. இதையா சுரண்டினேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

மூன்று கல்லுக்குத்தான் நேரம் இருந்தது. முதல் கல் எண்ணெயில் போவது போலப் பறந்து, வட்டத்தைத் தாண்டி, கோடிச் சுவரில் போய் மோதியது. இரண்டாவது கல்லை சுகுணா அடக்கி விட்டாள். வட்டத்தின் ஓரத்தில் நின்றது. கடைசிக் கல்லுக்கு முன், அந்த அம்மா வழியில் இரண்டு கற்களை வைத்து, இவற்றைச் சுற்றிக்கொண்டு நடுப்புள்ளிக்குப் போக வேண்டும் என்றார்.

சுகுணா கண்ணை மூடித் திறந்தாள். குந்தினாள். விரல்களைத் திறந்தாள்.

அந்தக் கல் என் பக்கத்தில் வந்தபோது அதன் உறுமலை நான் காலில் உணர்ந்தேன். நஞ்சப்பா தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். கல் திரும்பத் தொடங்கியது. வழியில் வைத்த முதல் கல்லை ஒரு விரல் இடைவெளியில் தாண்டியது. மறுபடி தேய்க்கச் சொன்னார். குனிந்தேன். இரண்டாவது கல்லையும் சுற்றி, மெல்ல, மிக மெல்ல, வட்டத்தின் நட்ட நடுவில் போய் நின்றது. அந்த அம்மா தன்னை மறந்து கை தட்டினார். நஞ்சப்பா கண்ணைத் துடைத்தார். மாதேஷ் என் முதுகில் அடித்தார்.

என் பிரஷ் அந்தக் கல்லில் பட்டிருந்தது.

கடைசியில் குனிந்தபோது. முடி அளவு. கல்லின் ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் வந்திருக்காது. யாருக்கும் தெரியாது. என் பிரஷுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஐஸைக் கெடுத்ததற்குக் கை தூக்கினேனே, அது எளிது. என் பிழைக்கு என் அவமானம். இது அவளுடைய கல். ரொம்ப ஆசையாக இருக்கிறது என்று சொன்னவளின் கல். ஏற்கெனவே ஒரு முறை கெடுத்தாயிற்று, இன்னொரு முறையும் கெடுத்தால் அவள் ஓசூருக்கு பஸ்ஸில்தான் போவாள் என்று மனது கணக்குப் போட்டது. கல் நின்று மூன்று விநாடி இருக்கும். என் ஆயுளில் மிக நீளமான மூன்று விநாடி.

கையைத் தூக்கினேன்.

மாதேஷ், மறுபடியும் பாத்ரூமா என்பது போல என்னைப் பார்த்தார். பட்டுவிட்டது என்றேன். அந்த அம்மா கை தட்டுவதை நிறுத்தினார். நடுப்புள்ளிக்கு நடந்துபோய், அந்த அழகான கல்லைத் தன் கையாலேயே தள்ளி ஓரமாக விட்டார். மணி பதினொன்று. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திரும்பும் வழியில் சுகுணா பைக்கின் பின்னால் இருக்கிறாளா என்று கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அவ்வளவு மௌனம். சூளகிரியில் டீக்கடையில் நிறுத்தினேன். இரண்டு டீ சொன்னேன். டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் பேசினாள்.

"நானும் பாத்தேங்க."

எதை என்றேன்.

"பிரஷ் பட்டத. பின்னாடி இருந்து எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நீங்க கைய தூக்கறீங்களான்னுதான் பாத்துட்டே இருந்தேன்." டீயை ஊதினாள். "நீங்க தூக்கலேன்னா நான் தூக்கியிருப்பேன். அப்புறம் உங்ககூட பைக்ல வந்திருக்க மாட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ சூடு என்று சொல்லிக்கொண்டேன். பொரி விஷயத்தைத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அதற்குப் பிறகுதான் திட்டத் தொடங்கினாள். அது ஓசூர் வரை வந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

நான்கு நாள் கழித்து அவள் போனில் அந்த அம்மாவின் செய்தி வந்தது. தமிழில் சொன்னால் மூன்றே வரி. கல் எங்கே நின்றது என்று பார்க்க நான் வரவில்லை, உங்கள் கை எப்படி விட்டது என்று பார்க்க வந்தேன். அடுத்த மாத முகாமுக்கு வரவும். கணவரை அழைத்து வர வேண்டாம்.

அந்தக் கடைசி வரியை வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனன் முருகேசன் மனப்பாடம் செய்துவிட்டான். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதைத்தான் ஒப்பிப்பான். எங்கள் வீட்டில் இப்போது டம்ளர் உடைந்தாலும் சாம்பாரில் உப்பு கூடினாலும் யார் என்று யாரும் கேட்பதில்லை; செய்தவர் கையைத் தூக்கிவிட வேண்டும். என் மகள் பள்ளியிலும் அப்படியே தூக்கி, டீச்சரைக் குழப்பிவிட்டு வந்தாள்.

சுகுணா மூன்று வருடமாக முகாமுக்குப் போய் வருகிறாள். இன்னும் அணியில் இடம் கிடைக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுகிறார்கள். இந்த வருடம் வழியனுப்ப மொத்தக் குடும்பமும் பெங்களூர் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தோம். ரயில் நகர்ந்தது. சுகுணா ஜன்னல் கம்பி வழியாக எங்களைப் பார்த்தாள். இனி ஒரு மாதம் பார்க்க முடியாது. டாட்டா காட்டக் கையைத் தூக்கினேன்.

பக்கத்தில் நின்ற முருகேசன் நிதானமாகக் கேட்டான்: "இப்ப எதத் தொட்டீங்க மாமா?"